"நல்லாச் சாப்பிட நமக்கு எங்க நேரம்?": களியக்காவிளைப் பக்கத்து வீடுகளில் அடிக்கடி கேட்கிற கேள்விகள்

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. அதில் வீடு வீடாகப் போய்ப் பிரஷரும் சுகரும் பார்த்து மாத்திரை கொடுக்கிற பெண் தன்னார்வலர்களில் நானும் ஒருத்தி. நான் போகிற வீடுகள் கன்னியாகுமரி மாவட்டம் விளவங்கோடு வட்டத்தில், களியக்காவிளைச் சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம் இருக்கின்றன. பிரஷர் பார்க்கும்போது பேசக்கூடாது என்று சொல்லியிருப்பதால் எல்லாரும் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள். கையில் கட்டிய பட்டையைக் கழற்றியதும் பேச்சு தொடங்கும். சாப்பாட்டை ஏன் மாற்ற முடியாது என்பதுதான் பெரும்பாலும் பேச்சு.

ரப்பர் வெட்டுகிறவர், அண்டி ஆபீஸில் (முந்திரி ஆலையில்) பருப்பு உடைக்கிற அக்கா, தினமும் திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போய் வருகிறவர் என்று யார் கேட்டாலும் சந்தேகம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது. இவற்றைச் சாக்குப்போக்கு என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் நிஜமான ஒரு கஷ்டம் இருக்கிறது. ஆனால் 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வின்படி, பெரியவர்களில் சுகர் உள்ளவர்கள் இந்திய அளவில் 11.4 சதவீதம், சாவடிக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் 25.5 சதவீதம். அங்கே நாலில் ஒருவர். நாமும் அதே சோறும் அதே கிழங்கும் அதே சாயாவும்தான் சாப்பிடுகிறோம். அதனால்தான் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை. மாத்திரை, அளவு பற்றிய முடிவெல்லாம் உங்கள் டாக்டருடையது.

"நல்ல சாப்பாடு, நல்ல சாப்பாடுன்னு சொல்லுதீங்க. ஓட்ஸும் சப்பாத்தியும் தின்னச் சொல்லுதீங்களா?"

ஓட்ஸ் வாங்கவே வேண்டாம். நம் ஊர்ச் சாப்பாடு போதும். தட்டில் எது எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பதுதான் மாற வேண்டும். தட்டில் பாதி காயும் கீரையும் இருக்கட்டும். துவரன் (தேங்காய் போட்ட பொரியல்), அவியல், பச்சடி, எதுவானாலும் சரி. கால் பங்கு மீன், முட்டை, பயறு, பருப்பு. மீதிக் கால் பங்குதான் சோறோ கிழங்கோ. நான் போகிற வீடுகளில் பார்க்கிற தட்டில் முக்கால்வாசி சோறு, மேலே புளிக்கறி, ஓரத்தில் ஒரு துண்டு மீன், துவரன் ஒரு சின்னக் கரண்டி.

உலக சுகாதார நிறுவனம் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் காயும் பழமும் சேர்த்து 400 கிராமாவது வேண்டும் என்கிறது. மரச்சீனியும் (மரவள்ளிக் கிழங்கு) உருளைக்கிழங்கும் அந்தக் கணக்கில் சேராது. கல்யாண வீட்டு இலையை நினைத்துப் பாருங்கள். அவியல், துவரன், பச்சடி, கிச்சடி, ஓலன் எல்லாம் மேல் பாதியில் வரிசையாக இருக்கும், சோறு கீழே வரும். அந்த மேல் பாதியைத்தான் வீட்டுத் தட்டிலும் கேட்கிறேன்.

"காலையில நாலு மணிக்குப் பால் வெட்டப் போகணும். பொண்டாட்டிக்கு அண்டி ஆபீஸ். நேரம் எங்க இருக்கு?"

வெயில் ஏறுவதற்கு முன் வெட்டினால்தான் ரப்பர் பால் நன்றாக ஒழுகும். அதனால் இந்த வேலையைத் தள்ளிவைக்க முடியாது. தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு வெறும் வயிற்றில் போகிறீர்கள். வெட்டி, காத்திருந்து, பாலெடுத்து முடிக்கும்போது பத்து மணி தாண்டிவிடும். அந்தப் பசியில் கடையில் நாலு பரோட்டா போவது தெரியாது. அங்கே உங்களைத் தள்ளுவது பசி. ஆகவே அந்தப் பசி வருவதற்கு முன்னாலேயே ஏதாவது வயிற்றுக்குள் போக வேண்டும்.

ராத்திரிச் சோற்றில் கொஞ்சம் எடுத்துத் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் பழங்கஞ்சி தயார். ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் ஒரு டம்ளர் சிறுபயற்றைக் குக்கரில் போட்டுவிட்டால், நீங்கள் பாத்திரம் கழுவும் நேரத்தில் அது வெந்துவிடும். கூடவே நாலு முட்டையும் அவித்து வையுங்கள். காலையில் அடுப்பு மூட்டும் வேலையே இல்லை. கஞ்சியில் மோரும் சின்ன உள்ளியும் சேர்த்துக் குடித்துவிட்டு, பயறும் முட்டையும் டப்பாவில் எடுத்துக்கொண்டு போகலாம். கஞ்சியும் பயறும் நம் பாட்டிமார் தந்த சாப்பாடுதான், புதிதாக எதையும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

காய் நறுக்கத்தான் நேரம் ஆகிறது என்று பெண்கள் சொல்கிறார்கள். அது உண்மை. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து இரண்டு நாளைக்கான பயற்றங்காயும் காரட்டும் நறுக்கி மூடி வைக்கலாம். நறுக்குகிற வேலை ஒரு ஆளுக்கு மட்டும் எழுதி வைத்ததும் இல்லை. டிவி பார்த்துக்கொண்டே முருங்க இலை உருவ வீட்டு ஆண்களால் முடியும். முடிகிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

"இதெல்லாம் காசுள்ளவங்களுக்கு. நாங்க ரேஷன் அரிசிக்காரங்க."

காசுக் கஷ்டத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். ரேஷனில் அரிசி இலவசம். இலவசமாகக் கிடைப்பதுதான் தட்டில் நிறையும், அது இயல்பு. அதே கடையில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய். சில வீடுகளில் அதை வாங்காமல் விட்டுவிடுகிறார்கள், அல்லது யாருக்காவது கொடுத்துவிடுகிறார்கள். கட்டாயம் வாங்குங்கள். ஆனால் நாலு பேர் உள்ள வீட்டில் ஒரு கிலோ பருப்பை மாதம் முழுக்கப் பங்கிட்டால் ஆளுக்கு ஒரு நாளைக்கு எட்டு கிராம்தான் வரும். அது போதாது. அதனால் பயறும் நிலக்கடலையும் கூட வேண்டும்.

கடையில் ஒரு சாயாவுக்கும் கடிக்கும் (பலகாரத்துக்கும்) கொடுக்கிற காசில் வீட்டில் இரண்டு பேர் முட்டை சாப்பிடலாம். ஒரு முட்டையில் ஏறக்குறைய ஆறு கிராம் புரதம் இருக்கிறது. விலை கூடிய மீன் வேண்டாம், சாளை (மத்தி) போதும். சாளையில் இருக்கிற ஒமேகா கொழுப்பு இதயத்துக்கு நல்லது. விலை கூடிய மீன்கள் பலவற்றில் அந்த அளவு கிடையாது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஆப்பிள் வாங்கிக்கொண்டு போகிறோம். நூறு கிராம் கொய்யாவில் வைட்டமின் சி 200 மில்லிகிராமுக்கு மேல் உண்டு, ஆப்பிளில் ஐந்து மில்லிகிராம்கூடத் தேறாது. வேலியோரத்துக் கொய்யாவை அணில் தின்ன விட்டுவிட்டு ஆப்பிளுக்குக் காசு கொடுப்பதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

"நான் ஒல்லி. எனக்கென்ன வரப்போவுது?"

இதை இளைஞர்கள் கேட்கிறார்கள். கை கால் ஒல்லியாகவும் வயிறு மட்டும் முன்னால் தள்ளியும் இருந்தால் அந்த ஒல்லியை நம்ப வேண்டாம். நம் நாட்டு உடம்பில் கொழுப்பு வயிற்றுக்குள் சேர்கிற வழக்கம் அதிகம். ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் தாண்டினால் எடை எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஒருமுறை சுகர் பாருங்கள்.

வயிறும் ஒட்டிப்போன ஒல்லி என்றால் பார்க்க வேண்டியது இரத்தம். 2019–21 குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை. "எனக்கு எப்பவும் இப்படித்தான், படியேறினா மூச்சு வாங்கும்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அதை வழக்கம் என்று விட்டுவிடக் கூடாது.

"எனக்க பாட்டா மரச்சீனி தின்னுதான் தொண்ணூறு வயசு இருந்தாரு. அத விடச் சொல்லாதீங்க."

விடச் சொல்ல மாட்டேன். மரச்சீனி இந்த மண்ணைப் பட்டினியிலிருந்து காப்பாற்றிய கிழங்கு. நம் ஊர் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் பக்கம்தான் இருந்தது. விசாகம் திருநாள் மகாராஜா காலத்தில் இந்தப் பயிரை ஊர் ஊராகப் பரப்பினார்கள். 1942-ல் பர்மாவை ஜப்பான்காரர்கள் பிடித்ததும் பர்மா அரிசி வரத்து நின்றுபோனது. அப்போது எத்தனையோ வீடுகளில் அடுப்பில் இருந்தது இந்தக் கிழங்கு மட்டும்தான். அந்த நன்றி எனக்கும் உண்டு.

ஆனால் பாட்டா (தாத்தா) அதை எப்படித் தின்றார் என்பதையும் நினைக்க வேண்டும். பகல் முழுக்க மண்வெட்டி பிடித்துவிட்டு, சாளைக் கறியோடு தின்றார். இன்று நாலு மணிக்குக் கிழங்கும் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தியும் (துவையலும்), எட்டு மணிக்கு மறுபடி சோறும் ஆகிவிட்டது. மரச்சீனி முழுக்க மாவுச்சத்து. அவித்த கிழங்கு நூறு கிராமில் புரதம் ஒன்றரை கிராம்கூட வராது. அதனால் கிழங்கு தின்கிற நேரம் சோற்றுக்குப் பதிலாக இருக்கட்டும், சோற்றுக்கு மேலே வேண்டாம். கூட மீனோ பயறோ கட்டாயம் வேண்டும். அதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. கிழங்கில் இயற்கையாகவே கொஞ்சம் சயனைடு உண்டு, அதை உடம்பு வெளியேற்றப் புரதத்திலுள்ள கந்தகம் தேவைப்படுகிறது. நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிடுகிற வழக்கத்தை விடாதீர்கள். கசக்கிற கிழங்கைத் தின்னவே வேண்டாம்.

"எல்லாத்தையும் விடுறேன், சாயாவ மட்டும் விட மாட்டேன். ஒரு நாளைக்கு ஆறு தடவதான்."

சாயாவை விட வேண்டாம், சீனியை மட்டும் பார்ப்போம். ஆறு கிளாஸ், கிளாஸுக்கு இரண்டு ஸ்பூன் என்றால் பன்னிரண்டு ஸ்பூன். ஒரு ஸ்பூன் ஏறக்குறைய ஐந்து கிராம், ஆக அறுபது கிராம் சீனி. உலக சுகாதார நிறுவனம் சொல்கிற உச்ச அளவே ஒரு நாளைக்கு 50 கிராம், 25-க்குள் இருந்தால் இன்னும் நல்லது. கடியும் பழச்சாறும் சேர்க்காமலே சாயாவில் மட்டும் அதைத் தாண்டிவிடுகிறோம்.

ஒரேயடியாக நிறுத்தினால் மூன்றாம் நாள் திரும்பி வந்துவிடுவீர்கள். இந்த வாரம் இரண்டு ஸ்பூன் ஒன்றரை ஆகட்டும். இரண்டு வாரம் கழித்து ஒன்று. அப்புறம் அரை. நாக்கு மெல்ல மெல்லப் பழகும், பழைய சாயா பாகு மாதிரித் தெரிய ஆரம்பிக்கும். கடையில் வாய் திறந்து "சீனி பாதி போதும்" என்று சொல்லப் பலருக்குக் கூச்சம். தினமும் போகிற கடையில் மூன்று நாள் சொன்னால் நாலாம் நாள் அவரே கேட்டுப் போடுவார். இரத்தம் குறைவாக உள்ளவர்கள் சாப்பாட்டோடும் சாப்பிட்ட உடனேயும் சாயா குடிக்காதீர்கள். சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் அது தடுக்கும். ஒரு மணி நேரம் போகட்டும்.

"சீனியே தொடுறதில்ல அக்கா. கருப்பட்டியும் மார்த்தாண்டம் தேனும்தான். இப்ப சரிதானே?"

சுகர் உள்ளவர்களுக்குச் சரியில்லை. கருப்பட்டியில் பெரும்பங்கு சீனியில் இருக்கிற அதே சர்க்கரைதான், கொஞ்சம் தாது உப்புகள் கூட இருக்கின்றன. தேனிலும் சர்க்கரைதான். இரத்தத்தில் மூன்றும் ஏறும். சந்தையில் சீனிப்பாகு கலந்த கருப்பட்டியும் உண்டு. பனையேறிகளின் உழைப்பின் மேல் எனக்கு மரியாதை உண்டு, நல்ல கருப்பட்டியின் மணமும் எனக்குப் பிடிக்கும். சுகர் இல்லாதவர் ருசிக்காகக் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் மேலே சொன்ன ஸ்பூன் கணக்கில் அதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

"நாட்டு மருந்து மாதிரி, எவ்வளவு தின்னாலும் ஒண்ணும் செய்யாது" என்று நம்பி, மூன்று மாதம் கருப்பட்டிக் காப்பி குடித்தவரின் சுகரைப் பார்த்து நான் பயந்தது உண்டு. ஏமாந்துவிட்டோமே என்று அவர் முகம் போன போக்கை மறக்க முடியவில்லை. அதனால்தான் இவ்வளவு வெட்டிச் சொல்கிறேன்.

"காயெல்லாம் மருந்தடிச்சது. அதத் தின்னுறதுக்குச் சும்மா இருக்கலாம்."

பயம் நியாயமானது. ஆனால் காயைத் தின்னாததால் வருகிற கேடு அதைவிடப் பெரிது. ஓடுகிற தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். முட்டைக்கோஸின் வெளி இலைகளை எடுத்துவிடுங்கள். தோல் சீவக்கூடியதைச் சீவுங்கள்.

அதோடு நம் வீட்டு விளையை (தோட்டத்தை) பாருங்கள். நம் ஊர்ப் பெயர்களிலேயே பாதி விளை என்றுதான் முடிகிறது. முருங்க இலை, கோவைக்காய், பப்பாளிக்காய், வாழைக்கூம்பு (வாழைப்பூ), வாழைத்தண்டு, சேம்பு இலை, சீசனில் இளஞ்சக்கை (இளம் பலாக்காய்). இவற்றுக்கு யாரும் மருந்தடிப்பதில்லை. வாழைத்தண்டு துவரனுக்குச் செலவு ஒரு கைப்பிடி தேங்காய் மட்டும். வாழை குலை தள்ளி வெட்டியதும் தண்டை எருக்குழியில் போட்டுவிட்டு, சந்தையில் பீன்ஸ் வாங்குகிறோம். நாலு சென்ட் இடமும் இல்லாதவர்கள் ஒரு சாக்கில் வழுதலங்காயும் (கத்தரிக்காய்) மிளகாயும் வைக்கலாம். முருங்கைக் கொம்பு ஒன்றை நட்டால் அடுத்த வருடம் இலை கிடைக்கும்.

"தேங்காய் நல்லதுன்னு ஒருத்தர், விஷம்னு ஒருத்தர். யாரைக் கேக்குறது?"

தேங்காயும் தேங்காயெண்ணெயும் ஒன்றில்லை. துருவிய தேங்காயில் நார்ச்சத்து உண்டு, துவரனில் இரண்டு ஸ்பூன் போட்டால் ஒரு கேடும் இல்லை. எண்ணெய் முழுக்கக் கொழுப்பு. அதில் பத்தில் ஒன்பது பங்கு நிறைகொழுப்பு, அது கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டும். ஆகவே எண்ணெயில் கை இறுக்கம் வேண்டும். எங்கள் வீட்டில் நாலு பேருக்கு எல்லா எண்ணெயும் சேர்த்து மாதம் இரண்டு லிட்டர் என்று வைத்திருக்கிறோம். முதல் தேதி அளந்து தனியாக எடுத்து வைத்தால்தான் இது நடக்கும். மீன் பொரிப்பது வாரம் ஒரு நாள், மற்ற நாள் கறிதான்.

"ஜூன், ஜூலையில மீன் கிடைக்காது. கருவாடு இல்லாம சோறு எறங்காது."

நம் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடை. வள்ளங்கள் (நாட்டுப் படகுகள்) போகும், ஆனால் வரத்து குறைந்து விலை ஏறிவிடும். அந்த இரண்டு மாதமும் கருவாடு, ஊறுகாய், பப்படம் என்று உப்பு கூடிப்போகும். ஒரு ஆளுக்கு ஒரு நாள் உப்பு ஐந்து கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் இருக்க வேண்டும். பிரஷர் மாத்திரை எடுப்பவர்கள் கருவாட்டை இரண்டு மூன்று தடவை தண்ணீர் மாற்றி ஊறவைத்து, கறிக்கு உப்பே போடாமல், மாதம் ஒன்றிரண்டு தடவை ருசிக்கு வைத்துக்கொள்ளட்டும். அந்த மாதங்களுக்கு முட்டையும் பயறும் சக்கைக்கொட்டையும் இருக்கின்றன. மழைக்காலத்தில் சக்கைக்கொட்டையும் முருங்க இலையும் போட்ட கறிக்கு ஈடு இல்லை.

"பிள்ளைங்க காயைத் தொடுறதே இல்ல. பாக்கெட்டுதான் கேக்குது."

பாக்கெட் வீட்டுக்குள் வருவது நம் கையால்தான். கடையிலிருந்து வரும்போது ஒரு பாக்கெட் வாங்கிவராவிட்டால் அன்பில்லாதவர் ஆகிவிடுவோம் என்று தாத்தாமாருக்குப் பயம். அதற்குப் பதிலாக மட்டிப் பழம் வாங்கி வாருங்கள். கன்னியாகுமரி மட்டி வாழைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நாம் குழந்தையாக இருந்தபோது நமக்கு மசித்துக் கொடுத்த பழம்தான் அது.

ஒரு காயை ஒரு தடவை துப்பினால் அது பிடிக்காது என்று முடிவு கட்டாதீர்கள். பத்துத் தடவையாவது, திட்டாமல், கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டில் வைக்க வேண்டும். "இதைத் தின்னா மிட்டாய் தருவேன்" என்று சொன்னால் காய் தண்டனை ஆகிவிடும், மிட்டாய் பரிசு ஆகிவிடும். முருங்க இலையை முட்டையில் அடித்து ஊற்றினால் பல பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள். அரசுப் பள்ளித் தொடக்க வகுப்புகளில் 2022 செப்டம்பர் முதல் காலைச் சாப்பாடும் கொடுக்கிறார்கள், மதியம் முட்டை உண்டு. கௌரவம் பார்த்து அதை வேண்டாம் என்று சொல்லிக்கொடுக்காதீர்கள்.

"அவருக்கு ராத்திரி பரோட்டாவும் பீஃபும் இல்லாம முடியாது. நான் ரெண்டு சமையல் வைக்கவா?"

வைக்க வேண்டாம். சுகர் வந்தவருக்கு ஒரு சமையல், மற்றவர்களுக்கு ஒரு சமையல் என்று தொடங்கிய வீடு எதிலும் அது ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து நான் பார்க்கவில்லை. சமையல் ஒன்றுதான், தட்டில் அளவு வேறு.

பரோட்டா மைதா, அதாவது தவிடும் நாரும் போன மாவு. அதன் மேல் எண்ணெய். மறுபடி மறுபடி காய்ச்சிய எண்ணெயாகவும் இருக்கலாம். ஒரேயடியாகத் தடுத்தால் அவர் வெளியே சாப்பிட்டுவிட்டு வந்து வீட்டில் சாப்பிடவில்லை என்பார். வாரத்தில் ஏழு நாள் இரண்டாகட்டும். நாலு பரோட்டா இரண்டாகட்டும். பீஃப் வீட்டில் வைத்தால் எண்ணெய் உங்கள் கையில் இருக்கும். முதலில் ஒரு கிண்ணம் வெள்ளரிக்காயும் உள்ளியும், அல்லது துவரன். அதற்கப்புறம் கறி, கடைசியில் பரோட்டா. காயும் கறியும் முதலில் உள்ளே போனால் சாப்பிட்ட பிறகு சுகர் ஏறுவது குறைகிறது என்பது பரிசோதித்துப் பார்த்த விஷயம்.

"மாத்திரைதான் போடுறேனே. அப்புறம் எதுக்குப் பத்தியம்?"

மாத்திரை ஒரு அளவுக்குத்தான் இழுத்துப் பிடிக்கும். சாப்பாடு கூடிக்கொண்டே போனால் மாத்திரை எண்ணிக்கையும் கூடும். இதற்கு நேர்மாறாகச் செய்கிறவர்களைப் பார்த்தால்தான் எனக்கு அதிகப் பயம். நாளைக்கு டெஸ்ட் என்று இரண்டு நாள் பட்டினி கிடப்பார்கள். சுகர் மாத்திரை போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் சுகர் திடீரென்று இறங்கி, வியர்த்து, கை நடுங்கி, மயக்கம் வரும். அந்த நேரத்தில் மூன்று ஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கலக்கி உடனே கொடுக்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். சுகர் சரியாக இருக்கிறது என்று மாத்திரையை நீங்களாகவே நிறுத்தவும் கூடாது.

கிட்னி பாதிக்கப்பட்டவர்களுக்கு நான் மேலே எழுதியவற்றில் பல பொருந்தாது. கீரை, பயறு, இளநீர், பழம் எல்லாம் அவர்களுக்கு அளவு பார்த்துத்தான். டாக்டர் எழுதிக் கொடுத்ததை மட்டும் கேளுங்கள்.

"புளிஞ்சிக்காய் சாறு குடிச்சா கொழுப்பு கரையும்னு போன்ல வந்துச்சு. அது போதாதா?"

தயவுசெய்து குடிக்காதீர்கள். இலும்பிப்புளி என்றும் சொல்கிற அந்தக் காயில் ஆக்சாலிக் அமிலம் மிக அதிகம். கொலஸ்ட்ரால் குறையும் என்று நம்பி அதன் சாற்றைக் குடித்தவர்களுக்குக் கிட்னி செயலிழந்ததைக் கேரள டாக்டர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மீன்கறியில் புளிக்காக இரண்டு மூன்று காய் போடுவது வேறு, டம்ளர் டம்ளராகச் சாறு குடிப்பது வேறு. ஒரே நாளில் கரைக்கிற பொருள் எதுவானாலும் சந்தேகப்படுங்கள். வீட்டு மரத்தில் காய்த்தது என்பதால் மட்டும் எதுவும் மருந்தாகிவிடாது.

"அம்பத்தெட்டு வயசாச்சு மக்ளே. இனி மாத்தி என்னத்துக்கு?"

என் அப்பாவும் இதையேதான் சொன்னார். 61 வயதில் காலில் ஆறாத புண் வந்தபோதுதான் அவர் சோற்றுக்கரண்டியை எண்ண ஆரம்பித்தார். மாத்திரையை ஒழுங்காகப் போட்டு, மதியம் சோற்றைப் பாதியாக்கி, பயறும் கீரையும் கூட்டி, சாயங்காலம் கோயில்வரை நடந்தார். ஆறு மாதத்தில் புண் ஆறி, செருப்புப் போட்டுச் சந்தைக்குத் தனியாகப் போனார். வயது கூடிவிட்டதே என்று உடம்பு கணக்குப் பார்க்கவில்லை. அவருடைய ஒரே வருத்தம், 58-ல் தொடங்கியிருக்கலாமே என்பதுதான். எழுபது வயதானவர்களிடமும் இதைச் சொல்கிறேன், அவர்களுக்கும் பலன் தெரிகிறது.

"ரெண்டு நாள் ஒழுங்கா இருப்பேன். அதுக்குள்ள ஒரு அடியந்திரம் (வீட்டு விசேஷம்), ஒரு கோயில் கொடை, சர்ச்சுத் திருவிழா வந்துரும். எல்லாம் போச்சு."

எதுவும் போகவில்லை. கொடைக்குப் போங்கள், பாயாசமும் குடியுங்கள். உறவுக்காரர் கையால் பரிமாறுவதை வேண்டாம் என்று சொல்லி அவர் மனதைப் புண்படுத்த நான் சொல்ல மாட்டேன். முதல் பதிலில் சொன்ன மேல் பாதியிலிருந்து தொடங்குங்கள், சோறு ஒரு தடவை மட்டும் வாங்குங்கள், பாயாசம் ஒன்று போதும். இலையை மூடுகிற முறை தெரிந்த உங்களுக்குக் கையை நீட்டி "போதும்" என்று சொல்கிற முறையும் தெரியும்.

கெடுவது அந்த ஒரு நேரத்தில் இல்லை. "அதான் கெட்டுப்போச்சே" என்று அடுத்த ஐந்து நாளும் விட்டுவிடுவதில்தான் கெடுகிறது. கொடை முடிந்த மறுநாள் காலை கஞ்சியும் பயறும். அவ்வளவுதான், தனியாகப் பட்டினி வேண்டாம். வருடத்தில் எத்தனை அடியந்திரம் என்று ஒரு அக்கா எண்ணிப் பார்த்தார். அவருக்கு இருபத்திரண்டு வந்தது. மீதி நாளெல்லாம் வீட்டுச் சாப்பாடுதான்.

"மாமிக்குச் சுகர். சோத்தக் குறைச்சா, 'மருமவ எனக்குச் சோறு தரல்ல'ன்னு பக்கத்து வீட்டுல போய்ச் சொல்லுதாங்க. நான் என்ன செய்ய?"

இதைக் கேட்டவர் அழுதுவிட்டார். கஷ்டமான கேள்வி, ஏனென்றால் மாமி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அந்தத் தலைமுறை பசியைக் கண்ட தலைமுறை. மரச்சீனி பற்றிய பதிலில் சொன்ன அந்தப் பஞ்சக் காலத்துப் பிள்ளைகள் வளர்த்த பிள்ளைகள். தட்டில் சோறு குறைந்தால் அவர்களுக்குத் தோன்றுவது தங்கள் மதிப்பு குறைந்துவிட்டது என்பது.

ஆகவே தட்டைக் காலியாகக் காட்டாதீர்கள். சோறு ஒரு கரண்டி குறைகிற இடத்தில் துவரன் இரண்டு கரண்டி வையுங்கள். சாளையின் முள்ளை எடுத்து, அவருக்கு முதலில் வையுங்கள். வயதானவர்களுக்குத் தசை கரைந்துகொண்டே போகும், புரதம் அவர்களுக்குத்தான் அதிகம் தேவை. பல் இல்லாததால்தான் அவர்கள் சோறும் கறியும் மட்டும் கேட்கிறார்கள் என்பதை நாம் கவனிப்பதில்லை. காயைக் குழைய வேகவைத்து, பயற்றை மசித்துக் கஞ்சியில் கலந்து கொடுங்கள். அவர் ஏற்கெனவே மெலிந்துகொண்டு வந்தாலோ மாத்திரை போட்டபின் மயக்கம் வந்தாலோ, சோற்றைக் குறைப்பதற்கு முன் டாக்டரைப் பாருங்கள். எண்பது வயதில் சுகர் எண் கொஞ்சம் கூடுதலாக இருப்பதை டாக்டர்களே ஒத்துக்கொள்வது உண்டு.

கேட்ட மருமகள் இதைச் செய்து பார்த்தார். மாமி பக்கத்து வீட்டில் போய் இப்போதும் பேசுகிறார். "தினமும் எனக்கு மீன் முள்ளெடுத்துத் தாறா" என்று.